பெயரில்லாத போர்டும் ரெட்டியார்பாளையமும்

வேலை விஷயமாகப் புதுச்சேரி போகிறவர்களுக்கு ஏதாவது எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு அந்த ஊர் என்றாலே 1987 ஜூனில் ஒரு சனிக்கிழமைதான் ஞாபகம் வரும். கூடவே கோபமும் வரும்.

அப்போது சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். பம்புசெட் மோட்டார் எரியாமல் காக்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். சர்க்யூட் போர்டு வரைய முதலாளி கம்ப்யூட்டரும் மென்பொருளும் வாங்கிப் போட்டிருந்தார். சர்க்யூட்டை அதிலேயே ஓட்டிப் பார்த்து, செப்புக்கோடுகளை வரைந்து, பெரிய பிளாஸ்டிக் தாளில் எடுத்தேன். மூலையில் என் பெயரின் இரண்டு எழுத்து. "வரைஞ்சது கம்ப்யூட்டர். உன் பேர் எதுக்கு?" என்று முதலாளி அழிக்கச் சொன்னார். அழித்தேன். திங்கட்கிழமை வாங்குபவர்களுக்கு ஓட்டிக் காட்ட வேண்டும்; ஆர்டர் கிடைக்காவிட்டால் எனக்கு வேலை இல்லை என்றும் சொல்லிவிட்டார். சென்னையில் யாரும் ஒரே நாளில் போர்டு செய்துதர ஒப்புக்கொள்ளவில்லை; புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் ஒரு பட்டறைதான் ஒப்புக்கொண்டது.

பாரிமுனையில் காலை ஐந்தரைக்குப் பஸ். திண்டிவனம் வழியாக 160 கிலோமீட்டர், நான்கு மணி நேரம், பதினாறு ரூபாய். தாள் இருந்த அட்டைக்குழாயை மடியிலேயே வைத்திருந்தேன். அதற்கும் லக்கேஜ் போடப் பார்த்த கண்டக்டரோடு சண்டை. பஸ் ஸ்டாண்டிலிருந்து டெம்போ, ஒரு ரூபாய். பத்து மணிக்கு ரெட்டியார்பாளையம் பட்டறையில் இருந்தேன்.

அங்கே கேமராவைப் பார்த்துக்கொண்டவர் தனலட்சுமி. மில் வேலை போனபின் இங்கே வந்தவர். தாளைப் படமெடுத்துச் சுருக்கி, அந்த ஃபிலிமை வைத்துச் செப்புத்தகட்டில் கோடுகளைப் பதிப்பார். ஒரு மணிக்கு ஊர் வழக்கப்படி பட்டறையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். மூன்றரைவரை வெயிலில் நின்று கொதித்தேன்.

நாலரைக்குப் போர்டு கைக்கு வந்தது. பதினான்கு கால் ஐசி சில்லை வைத்துப் பார்த்தால், முதல் கால் வரவேண்டிய இடத்தில் பதினான்காம் கால். மொத்தமும் இடவலம் மாறியிருந்தது. கத்திவிட்டேன். கையால் டேப் ஒட்டி வரைகிறவர்கள் போர்டின் மேல்பக்கத்திலிருந்து பார்த்து ஒட்டுவார்கள். செப்பு இருப்பது அடிப்பக்கம் என்பதால், தாளைத் திருப்பிப் படமெடுப்பது பட்டறை வழக்கமாம். எங்கள் மென்பொருளோ ஏற்கெனவே திருப்பித்தான் வரைந்திருந்தது. தனலட்சுமியிடம், ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்றேன்.

"எழுத்து இருந்தா அத வச்சி எந்தப் பக்கம்னு பாத்துக்குவேன் சார். இதுல ஒரு எழுத்துகூட இல்லியே."

அவர்மேல் இருந்த கோபம் பாதி முதலாளிமேல் திரும்பியது, பாதி என்மேல்.

ஃபிலிம் தீர்ந்துவிட்டது, திங்கள்தான் வரும் என்றார்கள். தனலட்சுமி போர்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "செம்பு இருக்கிற பக்கமே பார்ட்ஸ் எல்லாத்தயும் வச்சி ஈயத்தால பத்த வைங்க. கால் சரியா வந்துரும்."

சென்னை திரும்பி அப்படியே பற்றவைத்தேன்; பார்க்க அசிங்கமாக இருந்தது. திங்கட்கிழமை கருவி வேலை செய்தது, ஆர்டரும் கிடைத்தது. கம்ப்யூட்டர் வரைந்தால் தப்பே வராது என்று வந்தவர்களிடம் முதலாளி பெருமை அடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டினேன்.

பட்டறை வேலையாகப் போகிறவர்கள் ஒரு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். இன்றைய மென்பொருள் போர்டைத் திருப்பித் திருப்பிக் காட்டும். ஆனாலும் செப்புப்பக்கத்தில் ஏதாவது எழுதிவையுங்கள். ஆர்டருக்கான போர்டை வரைந்தபோது நான் மூலையில் 'தனம்' என்று போட்டேன். இது என்ன என்று முதலாளி கேட்டார். இது இல்லாவிட்டால் போர்டு தப்பாக வரும் என்றேன். இந்த முறை அவர் அழிக்கச் சொல்லவில்லை.