அங்காட் காக்கி

பெரட்டு மணி அடித்து ஆட்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகும் விடியல் நேரத்தில், பக்கத்து வீட்டு ஆயா பஞ்சாலை தன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வலது காலைப் பக்கவாட்டில் தூக்குகிறாள். "அங்காட் காக்கி!" என்று தன் காலுக்குத் தானே உத்தரவு போடுகிறாள். பத்து எண்ணும்வரை கால் இறங்கக்கூடாது. ஏழிலேயே நடுங்கி இறங்கிவிடும். மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள்.

மலேசியாவில் லிங்கிப் பக்கத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டம். பால் வெட்டப் போகிறவர்களின் பிள்ளைகளை ஆயாக்கொட்டாயில் வைத்து இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டவள் இவள்தான். இந்த எண்பத்தாறாம் வருஷம் மாசியில், கழுவிவிட்ட சிமெண்டுத் தரையில் வழுக்கி விழுந்து வலது இடுப்பு எலும்பு முறிந்தது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் பழைய மூட்டு எலும்பை எடுத்துவிட்டு இரும்பு மூட்டு வைத்தார்கள். "காந்தம் வச்சுப் பாத்தேன், ஒட்டலைலா" என்று என்னிடம் குறைப்பட்டாள்.

அங்கே பயிற்சி கொடுக்க வந்த மலாய்ப் பெண் முதல் நாளே, "அங்காட் காக்கி, மக்சிக்" என்றாளாம். காலைத் தூக்குங்க அம்மா என்று சொன்னாள், அவ்வளவுதான். பஞ்சாலைக்குத் தெரிந்த அங்காட் காக்கி வேறு. தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற மண்டோர் அதைச் சொன்னால் நடையைக் கட்டு என்று பொருள். பாவம்! டம்ளர், சீப்பு எல்லாவற்றையும் பையில் அடைத்துக் கட்டிலில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். மாலையில் வந்த மகள் சீதை விளக்கிய பிறகுதான் பையைப் பிரித்தாள்.

கேட்டுச் சிரித்தேன். பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டேன். கணவர் மாயாண்டி செத்துப்போனபின், தோட்டம் கொடுத்த லயத்து வீடு இவள் வேலையை நம்பித்தான் இருக்கிறது. சீதைக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. ஆயா வேலை போனால் வீடும் போகும்.

குந்தக்கூடாது, சம்மணம் போடக்கூடாது, குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வாழ்நாளெல்லாம் குந்தியே வேலை செய்தவளுக்கு இப்படிச் சொன்னால் என்ன மிச்சம்? சீதை ஒரு நாற்காலியின் நடுப்பலகையில் ஓட்டை அறுத்து, அதைக் கக்கூசில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். கொட்டாயை எட்டிப் பார்க்கப் போகும்போது பிள்ளைகள் ஓடிவந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு "தூக்கு ஆயா" என்றால், "பெஞ்சில ஏறு தங்கம், நீ ஏறுனாத்தான் நான் வாங்குவேன்" என்கிறாள். பெரியதுகள் ஏறிவிடுகின்றன. ஒரு கைக்குழந்தை ஏறத் தெரியாமல் தரையில் கிடந்து அழுதது. பஞ்சாலையும் நின்றபடியே அழுதாள். மறுநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூளிய ஒசத்திக் கட்டிட்டா குனியவே வேணாம்லா. எறக்கி விடுறதுக்குத் துணை ஆளு இருக்கு" என்று எனக்கே கணக்குச் சொன்னாள்.

நேற்று, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக்காரர் கனகசுந்தரம் கிராணி சைக்கிளில் வந்தார். இறங்கவில்லை, ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டார்.

"பஞ்சாலை, மூண்டு மாச லீவு முடிஞ்சுது. உன்னால ஏலுமோ, ஏலாதோ? ஏலாதெண்டால் வீட்டை விட வேணுமெண்டு மனேஜர் சொல்லுறார்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் கைத்தடியைத் தொடாமல் நாற்காலியிலிருந்து எழுந்தாள். வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்தாள்.

"அங்காட் காக்கிதானே, கிராணி ஐயா? பாத்துக்குங்க."

கால் உயர்ந்தது. சத்தமாக எண்ணினாள். ஏழில் நடுங்கியது. எட்டு, ஒன்பது. பத்து என்று சொல்லிவிட்டு, காலை இறக்காமல், நிலையைப் பிடித்திருந்த கையை எடுத்தாள்.