சாவைச் சொல்லி வாங்கிய வாய்தா

மதுரையில் தமிழ் மாநாடு நடந்ததற்கு முந்தின வருஷம், எங்கள் கண்மாய் வெடித்துக் கிடந்த கோடை. சென்ற புதனன்று மேலூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர், “வக்கீல் தங்கவேலு ஐயா தவறிட்டாராம்ண்ணே” என்றபோது எனக்கு அந்தக் கோடைதான் கண்ணில் வந்து நின்றது. நான் கைநாட்டுத்தான். நான் சொல்ல, நண்பர் எழுதுகிறார். ஐயாவோடு பழகிய நீங்கள் எல்லாரும் அவரைப் புகழ்வீர்கள். நான் அவருக்குச் செய்ததைச் சொல்கிறேன்.

இருளாயி எனக்கு மதினி முறை. பங்காளி அண்ணனின் விதவை. என் வயல் வழியாக அவர் வயலுக்குப் போகும் வண்டிப்பாதையை நான் முள் வைத்து அடைத்தேன். அவர் வழக்குப் போட்டார். எனக்கு ஐயா வக்கீல்.

எதிர்த்தரப்புக்கு ஒரே சாட்சி பக்கத்து வயல் கருப்பன். எண்பது வயதுக்கு மேல், இளைப்பு நோய். பஸ் ஏறி வந்து கோர்ட்டு மரத்தடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு தடவை வேறு காரணத்தால் விசாரணை தள்ளிப்போனது. மூன்றாவது தடவைக்கு முன் நானே ஐயாவிடம் வாய்தா வாங்கச் சொன்னேன். ஐயா மறுத்துவிட்டார்.

“வாய்தா நம்ம சொத்து இல்லப்பா. எதிராளியோட நாளை எடுத்துக்கிறோம். சாவு, நோவு, கைக்கு வராத பத்திரம், இதுக்குக் கேக்கலாம். சாட்சி வாசல்ல நிக்கிறப்ப, நமக்குப் பயமா இருக்குன்னு கேக்கக் கூடாது.”

சாவுக்குக் கேட்கலாம் என்பது மட்டும் என் காதில் தங்கியது. விசாரணையன்று காலையில் தல்லாகுளத்தில் அவர் வீட்டு வாசலில் போய் நின்று, “மாமனார் போயிட்டாருய்யா” என்றேன். கண்ணைத் துடைத்தும் காட்டினேன். அவர் என் தோளைத் தொட்டு, “நீ ஊருக்குப் போ, நான் பாத்துக்கிறேன்” என்றார். சாவு என்றதும் எதிர் வக்கீலும் மறுப்புச் சொல்லவில்லையாம். ஒரு மாதம் கிடைத்தது.

ஊரில் தலை காட்டாமல் இருக்க, அழகர்கோவில் பக்கம் மாமனார் வீட்டிலேயே போய்த் தங்கினேன். மூன்றாம் நாள் ஐயா துக்கம் விசாரிக்க அங்கே வந்துவிட்டார். வேட்டி முழுக்க பஸ் புழுதி, கையில் வாழையிலையில் சுற்றிய மாலை. மாமனார் கட்டிலில் உட்கார்ந்து கேப்பைக் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்க வக்கீலய்யா. எம்புட்டுத் தூரம்! மாலை யாருக்கு?”

ஐயா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

“அழகருக்கு,” என்றார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். சொன்னது பொய்யாகக் கூடாதென்று வெயிலில் கோவிலுக்கே நடந்தார். நான் பின்னால் போனேன். கோவில் வாசலில் நின்று, “உங்க மாமனார் முன்னாடி உன்னைக் காட்டிக் கொடுக்கல. நாளைக்குக் கோர்ட்டுல சொல்லத்தான் போறேன்” என்றார்.

சொன்னார். தான் பொய்க் காரணம் சொல்லி வாய்தா வாங்கிவிட்டதாக நீதிபதி முன் தலை குனிந்து நின்றார். கருப்பனைச் சீக்கிரம் விசாரிக்க வேண்டும் என்று, எதிராளிக்காக அவரே கேட்டார். திங்கட்கிழமைக்குப் போட்டார்கள். வழக்குக் கட்டை என் கையில் கொடுத்து, “வேற ஆளைப் பாத்துக்க” என்றார்.

வராண்டாவில் இருளாயி மதினி என்னை மறித்தார். “ஏன் கொழுந்தனாரே, அடுத்த வாய்தாவுக்கு யாரைச் சாகடிக்கப் போறீக?” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

கருப்பன் சனிக்கிழமை செத்துப்போனார்.

வேறு வக்கீலை வைத்து நான் ஜெயித்தேன். இன்றும் மதினி கதிர்க்கட்டைத் தலையில் சுமந்து கண்மாய்க்கரையைச் சுற்றித்தான் களத்துக்கு வருகிறார். அதற்கப்புறம் ஐயாவைத் தெருவில் கண்டால் நான் சந்துக்குள் ஒதுங்குவேன். ஒரு நாள் அவரே கூப்பிட்டு, “மாமனார் நல்லா இருக்காரா?” என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. அந்தக் கேள்விதான் அவரிடமிருந்து என்னிடம் தங்கியது.

கருப்பன் கூண்டில் ஏறிச் சொல்லியிருக்க வேண்டியதை நான் சொல்கிறேன். பாதை இருந்தது. என் அப்பன் காலத்திலேயே வண்டி போனது. அந்த வண்டியில் நானும் உட்கார்ந்து போயிருக்கிறேன். இதைக் கேட்க அன்றைய நீதிபதி இல்லை, கருப்பன் இல்லை, என் மாமனாரும் பிறகு நிஜமாகவே போய்ச் சேர்ந்தார், இப்போது ஐயாவும் இல்லை. இருப்பது இருளாயி மதினி ஒருத்திதான்.