மொட்டைமாடிக்குப் பூட்டுப் போட்டேன்

சிம்மக்கல்லில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் கட்டடத்தைத் தயார்செய்வது கடைக்காரர்களான எங்கள் பொறுப்பு. போன வருடமும் மொட்டைமாடி விரிசல்களைப் பூசி, மழைத்தண்ணீர்க் குழாயைச் சுத்தம் செய்துவிட்டு நிம்மதியாக இருந்தோம்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. சாமிக்குப் போட்ட மாலை காலில் மிதிபடக்கூடாது என்று, பூஜை முடிந்ததும் எல்லாக் கடை மாலைகளையும் மொட்டைமாடியில்தான் போடுவோம். அடுத்து அடித்த மழையில் அந்த மாலைகள் குழாயை அடைத்துக்கொண்டன. மாடியில் தேங்கிய தண்ணீர் படிக்கட்டில் இறங்கி, சுவரிலிருந்த மீட்டர் பெட்டிக்குள் புகுந்து, இரும்பு ஷட்டர்வரை மின்சாரம் கசிந்துவிட்டது. அது தெரியாமல் கடையைப் பூட்ட ஷட்டரில் கை வைத்தேன். மின்சாரம் என்னைத் தூக்கி எறிந்தது. ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் பிழைத்தேன்.

இந்த வருடம் பூஜைக்கு முன்பே மொட்டைமாடியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பக்கத்து ஜவுளிக் கடை அண்ணன் சண்டைக்கு வந்தார்.

"சாமி மாலையக் குப்பையில போடச் சொல்றியாம்மா? ஒரு பொம்பளைக்கு இம்புட்டுப் பிடிவாதம் ஆகாது."

"சாக்குல கட்டிக் குடுங்கண்ணே. அலங்காநல்லூர்ல எங்க தென்னைக்கு எருவாப் போட்டுக்கிறேன். மாடிக்கு மட்டும் ஒரு பூவும் போகாது."

அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் போகட்டும். கொட்டுகிற மழையிலும் அவர் ஷட்டரைப் பயமில்லாமல் தொட்டு இழுக்கிறார். வருகிற வருடமும் பூட்டுவேன்.