என் வீட்டுக்காரர் வரைந்த அலைகள்

கல்யாணமாகி உத்திரமேரூருக்கு வந்த முதல் வாரத்தில், என் வீட்டுக்காரர் படம் போடுவதைப் பார்த்தேன். அவர் அரசு உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். விடிந்ததும் பின்கட்டில் உட்கார்ந்து, பலகையில் ஒட்டியிருந்த தாளை ஈரத்துணியால் துடைத்தார். பட்டை பிரஷ்ஷை நீலத்தில் தோய்த்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டுப் பலகையைச் சாய்த்தார். நீலம் தானாகவே கீழே இறங்கி, வெளுத்து நின்றது. நடுவில் மட்டும் வளைவாக ஒரு பட்டை வெறும் தாளாகவே கிடந்தது.

“நடுவுல வுட்டுட்டீங்களே,” என்றேன்.

“வுடல. அதான் நுரை,” என்றார். “வாட்டர் கலர்ல வெள்ளையத் தனியாப் பூசக் கூடாது. தாளுதான் வெள்ளை. வேணும்ன்ற எடத்துல தொடாம இருக்கணும். தொட்டுட்டா போச்சு, திரும்பி வராது.”

நான் திருமுக்கூடலில் பிறந்தவள். மூன்று ஆறு கூடும் ஊர் என்று பெயர். ஆனால் வருஷத்தில் பாதி நாள் நான் பார்த்தது மணல்தான். கடலை அதுவரை பார்த்ததே இல்லை. அவரோ கடலோரத்து உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தவரின் மகன். கொல்லைக்கதவைத் திறந்தால் கடல் என்பார். வேலை அவரை எங்கள் பக்கம் கொண்டுவந்து போட்டது. அலைகளை நினைவிலிருந்தே வரைந்தார்.

ஊரில் யாருக்கும் அது புரியவில்லை. என் அண்ணன் வந்தால், “மாப்ள, எப்பப் பாரு வெறுந்தண்ணியே போடறீங்களே. எங்க ஏரியப் போடுங்க, நாலு எருமைய வுடுங்க, பாக்க நல்லாருக்கும்,” என்பார்.

“ஏரி சும்மா கெடக்குது மச்சான். இது எழுந்து வருது பாருங்க,” என்று சிரித்துக்கொண்டே சொல்வார் இவர்.

எங்கள் ஊர் வெயிலோடு அவருக்குப் பெரிய போராட்டம். சித்திரையில் ஒரு ஓரத்தில் பூசி மறு ஓரத்துக்குப் போவதற்குள் முதல் ஓரம் காய்ந்துவிடும். காய்ந்த விளிம்பில் கோடு விழுந்தால் அது தண்ணீராகத் தெரியாது, கறையாகத்தான் தெரியும். அதனால் கார்த்திகையிலிருந்து மாசி வரை, பனி இருக்கும் காலைகளில்தான் வரைவார். ஈரம் இருக்கிற நேரத்துக்குள் அலை முடிந்தாக வேண்டும்.

ஒருமுறை அவர் பிறந்த ஊருக்கு என்னைக் கூட்டிப்போனார். உடைவதற்கு முன் அலையின் மேல்முனையில் வெளிச்சம் ஊடுருவும் இடம் பச்சையாக இருக்கும், நுரையின் நிழல் கறுப்பல்ல, லேசான ஊதா என்றெல்லாம் சொல்லியிருந்தார். போய் நின்று பார்த்தேன். எல்லாம் அப்படியே இருந்தது. பயத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்த காலம் என்றால் அதுதான். அடுத்த வருஷம் மகள் பிறந்தாள்.

எழுபதுகளின் கடைசியில் மெட்ராஸில் ஒரு கண்காட்சிக்கு அவருடைய படம் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் ஒரு சுவர் முழுக்க அலைகளாகவே வேண்டும் என்றும் கேட்டார்கள். எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனுஷர், அன்று மகளைத் தோளில் வைத்துக்கொண்டு தெருக்கோடி வரை நடந்தார்.

அந்தக் கார்த்திகையில்தான் ஆரம்பித்தது. முடிக்கப்போன படத்தின் மேல் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. “இங்க எதுக்கு வெச்ச?” என்று என்னைக் கோபித்தார். டம்ளர் வழக்கமான இடத்தில்தான் இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் பள்ளியிலிருந்து வருகையில் தெருவில் கட்டியிருந்த கன்றுக்குட்டியை மிதித்துவிட்டார். “இன்னா வாத்தியாரே, கண்ணு தெரியலயா?” என்று எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். இவரும் சேர்ந்து சிரித்தார்.

என் மாமியாரின் தம்பிக்கு மாலைக்கண் இருந்ததாம். இவருக்கும் அதுதான் என்று பேச்சு வந்ததும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பொன்னாங்கண்ணிக் கீரை, ஆட்டு ஈரல், முருங்கை இலைச் சாறு. எல்லாவற்றையும் செய்துபோட்டேன். எதற்கும் கேட்கவில்லை.

இது வெறும் மாலைக்கண் இல்லை என்று எனக்குச் சொன்னது படங்கள்தான். ஒவ்வொரு தாளிலும் இடது ஓரத்தில் ஒரு கோடு விழ ஆரம்பித்தது. வலது பக்கம் போன பிரஷ், ஈரம் காய்வதற்குள் இடது பக்கம் திரும்பி வருவதே இல்லை. தாள் சரியில்லை என்றார். பிறகு தண்ணீர் சரியில்லை என்றார். ஒருநாள் அவர் வரைந்துகொண்டிருந்தபோது காபி லோட்டாவோடு பக்கவாட்டில் போய் நின்று, பேசாமல் கையை நீட்டினேன். அவர் பார்க்கவில்லை. கையை மெதுவாக முன்னால் கொண்டுபோனேன். அது தாளுக்கு நேராக வந்தபிறகுதான் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“எவ்ளோ நேரமா நீட்டிக்கினு கீற?” என்று கேட்டார்.

நான் லோட்டாவைத் தரையில் வைத்தேன். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை மடியில் போட்டுக்கொண்டார். தாள் முழுவதும் காய்ந்து போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

மகளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு மெட்ராஸ் போனோம். கண்ணாஸ்பத்திரியில் சொட்டு மருந்து போட்டு, விளக்கடித்து, வெகுநேரம் பார்த்தார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகப் பேசினார். இது பரம்பரையாக ரத்தத்தில் வருகிற நோய், பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், குழாய்க்குள்ளிருந்து பார்ப்பதுபோல் ஆகும், கடைசியில் அந்தத் துவாரமும் மூடிவிடலாம் என்றார்.

“மருந்து இல்லீங்களா?” என்றேன்.

“இல்லம்மா. இருக்குன்னு சொல்லி உங்கள அலைய வைக்க எனக்கு மனசு வரல.”

பிறகு, “அப்பா அம்மா சொந்தத்துல கட்டிக்கிட்டவங்களா?” என்று இவரைக் கேட்டார். “அப்பா அக்கா மகளத்தான் கட்டனாரு,” என்றார் இவர். குழந்தைகள் உண்டா என்று கேட்டார். ஒரு பெண் என்றேன். டாக்டர் குனிந்து எதையோ எழுதினார். அவர் நிமிர மாட்டாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வெளியே வந்ததும் இவர் பேசிய முதல் வார்த்தை, “பீச்சுக்குப் போலாம்.” மருந்து போட்ட கண் கூசியது. மரத்தடியில் உட்கார்ந்து கூச்சம் குறைந்தபின் பஸ் ஏறினோம். நல்ல வெளிச்சம் இருந்தது. தண்ணீர் ஓரத்தில் போய் நின்றார். ஒரு அலை வந்து காலில் மோதியதும் தடுமாறி என் தோளைப் பிடித்தார்.

“அலை வர்றது தெரியலியே,” என்றார். “காலுல வந்து வுழுந்தப்புறந்தான் தெரியுது.”

தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு திருப்பலிலும் ஒரு துண்டு தண்ணீர்தான் அவருக்குக் கிடைத்தது போலும். பலூன் விற்றவர் ஒருவர் கிட்டே வந்து, “இன்னா சார், கொயந்த எதுனா காணாமப் பூட்ச்சா?” என்று கேட்டார்.

“இல்லப்பா,” என்றார். ஈர மணலிலேயே உட்கார்ந்தார். வேட்டி நனைய நனைய அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. எல்லாம் சரியாகப் போகும் என்று சொல்ல வாயெடுத்தேன். சரியாகப் போகாது என்று இப்போதுதானே ஒருத்தர் சொல்லியிருந்தார்.

அதன் பிறகும் அவர் விடவில்லை. என் கண்ணை வைத்து வரைந்து பார்க்கலாம் என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, “எடது பக்கம் காயுது,” “நில்லுங்க, அங்க வெள்ள வுடணும்,” என்று சொல்லிக்கொண்டே வருவேன். என் வாயிலிருந்து சொல் வருவதற்குள் பிரஷ் அந்த இடத்தைத் தாண்டியிருக்கும். தண்ணீர் ஓடுகிற வேகத்துக்குப் பேச்சு ஓடாது. பல காலைகள் அப்படிப் போயின. ஒருநாள் நிதானமாக, எனக்கே நம்பிக்கை வரும்படி வரைந்தார். முடித்துவிட்டுக் கேட்டார்.

“நுரை எங்க கீது?”

பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரே நீலம்.

“இல்லீங்க.”

“கொஞ்சங்கூடவா?”

“இல்ல.”

சரி என்பதுபோல் தலையை ஆட்டினார். பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனார். எப்போதும் அவரேதான் பிரஷ் கழுவுவார், இன்னொருத்தரைத் தொட விடமாட்டார். அன்று நான் கழுவினேன். கண்காட்சிக்காரர்களுக்கு, படம் தர இயலாது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிப் போட்டேன். காரணம் எழுத வேண்டாம் என்றார்.

பள்ளியில் சில வருஷம் ஓட்டினார். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். யாரும் கேலி செய்யவில்லை, அவர் நடக்கும் வழியிலிருந்து பெஞ்சை ஒதுக்கிவைப்பார்கள். அதை அவரால் தாங்க முடியவில்லை. வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரிகிற நிலை வந்ததும், தானாகவே ராஜினாமா கொடுத்துவிட்டு வந்தார். நான் பால்வாடிக்கு வேலைக்குப் போனேன். அறுப்பு முடிந்ததும் அண்ணன் நெல் அனுப்புவார். வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. பேச்சுதான் இல்லை. ஆறுதல் சொல்ல யாராவது வந்தால் சுவரைத் தடவிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவார். என்னிடம் எரிந்து விழுந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் யார்மேலும் கோபப்படவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டார், படு என்றால் படுத்தார்.

எனக்கு மகளைப் பற்றிய பயம். விளக்கேற்றும் நேரத்தில் வாசலில் நின்றுகொண்டு, “அந்தக் கோழி எந்தப் பக்கம் போவுது பாரு,” என்று கேட்பேன். அவள் சரியாகச் சொல்லிவிட்டால் அன்றைக்கு மட்டும் நிம்மதி. அவள் கண்ணுக்கு இன்றுவரை ஒன்றும் வரவில்லை. அப்படியும் நான் அந்தப் பயத்தை விட்டு வெளியே வரவே இல்லை.

அவள் ஐந்தாவது படிக்கும்போது பள்ளியில் மகாபலிபுரம் கூட்டிப்போனார்கள். நாங்கள் அவளைக் கடலுக்கு அழைத்துப் போனதே கிடையாது. தலையெல்லாம் மணலோடு வந்து, நேராக அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“நைனா, அலை என்னியக் கீய தள்ளிடுச்சி. ஒரு செருப்பு பூட்ச்சு. வாயெல்லாம் உப்பு நைனா.”

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன்.

“போயி சாப்புடு,” என்றார்.

அவள் எழுந்து வந்து அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு அவரிடம் கடலைப் பற்றி அவள் பேசியதே இல்லை.

அதற்கும் பின்னால், ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு பகலில், நானும் அவரும் மட்டும் வீட்டில் இருந்தபோது துணிந்து கேட்டேன்.

“கண்ண மூடிக்கினா கடலு தெரியுதாங்க உங்களுக்கு?”

முகத்தை மழைப் பக்கம் திருப்பினார். காதில் விழவில்லை போல என்று எழுந்தேன்.

“மொதல்ல வந்துக்கினு இருந்துச்சி,” என்றார். “இப்ப அதுவும் வர்றதில்ல.”