மடியில் இருந்த சாவி

வண்டி வழியில் நின்றுபோனால் என்ன செய்வது என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள். வெம்பக்கோட்டைக்கு அந்தப் பக்கம், எங்கள் ஊரில் முதலில் கார் வாங்கியவன் நான். மதுரையில் ஒரு டாக்டர் ஓட்டித் தேய்த்த பழைய வண்டி. அது நிற்காத இடம் கிடையாது என்பதால் அதற்கான வைத்தியமும் எனக்கு அத்துப்படி. ஓரமாக நிறுத்து. பானட்டைத் திற. கோடையாக இருந்தால் பெட்ரோல் பம்பு சூடேறி, எஞ்சினுக்குப் பெட்ரோல் போகாமல் நின்றிருக்கும். பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுப் பத்து நிமிஷம் பொறு. இதையெல்லாம் யார் கேட்டாலும் அலுக்காமல் சொல்வேன். ஐம்பதுகளின் நடுவில், ஒரு வைகாசி மாதக் காலையில் நான் செய்ததை மட்டும் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

அன்றைக்கு விருதுநகரில் என் மச்சினனுக்குக் கல்யாணம். என் மனைவி இரண்டு நாள் முன்பே போய்விட்டாள். சீர்த் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு நான் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கல்யாணத்துக்கென்றே வண்டி சீட்டுக்குப் புது உறை தைத்துப் போட்டிருந்தேன். விடிந்ததும் விடியாததுமாக வண்டியைத் துடைத்து முடித்து, குளிக்கப் போகிற நேரத்தில் நாலு வீடு தள்ளியிருந்தவர் ஓடி வந்தார். என்னைவிடச் சின்னவர், கொஞ்சம் மானாவாரி நிலம் வைத்துப் பிழைத்தவர்.

“அண்ணாச்சி, வீட்டுல ராத்திரியிலருந்து வலியில துடிக்கா. மருத்துவச்சி கையை விரிச்சுட்டா. சிவகாசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணுமாம். வண்டிய எடுங்க அண்ணாச்சி.”

சிவகாசி நான் போகிற வழிதான். ஆனால் சீர்த் தாம்பாளம் போகிற வண்டியில் பிள்ளை வலிக்காரியை ஏற்றினால் தீட்டு என்று மாமியார் வீட்டில் முணுமுணுப்பார்கள். புது உறையும் பாழாகும். இந்த இரண்டு எண்ணமும் ஒரே நொடியில் வந்தன. மூன்றாவதாக ஒரு எண்ணம் வரவில்லை.

“வண்டி ஸ்டார்ட் ஆகலையேப்பா” என்றேன்.

அவர் போகவில்லை. “நான் வேணா சுத்திப் பாக்கட்டுமா?”

அந்தக் காலத்து வண்டிக்கு முன்பக்கம் கம்பியைச் செருகிச் சுற்ற வேண்டும். உள்ளே சாவியைப் போட்டுத் திருப்பியிருந்தால்தான் எஞ்சின் பிடிக்கும். சாவி என் வேட்டி மடியில் இருந்தது. கம்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் சுற்றினார். இருபது தடவையாவது சுற்றியிருப்பார். வேர்வை சொட்டச் சொட்ட மூச்சு வாங்கி நின்றபோது, “இன்னொரு தடவ பாரு” என்றும் சொன்னேன். நடிப்பென்று வந்துவிட்டால் குறை வைக்கக் கூடாதல்லவா. கடைசியில் கம்பியை என்னிடம் கொடுத்து, “காலங்காத்தால உங்களுக்குச் செரமம் குடுத்துட்டேன்” என்று சொல்லிவிட்டு மாட்டு வண்டி பூட்ட ஓடினார்.

அவர்கள் குறுக்கே வண்டிப் பாதையில் போய் நாரணாபுரம் பக்கம்தான் தார் ரோட்டில் ஏறுவார்கள். நிதானமாகக் குளித்து, பட்டு வேட்டி கட்டி, சாமி கும்பிட்டுக் கிளம்பினாலும் அவர்கள் ரோட்டுக்கு வருமுன் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான். வண்டிதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அந்தப் பாதை வந்து சேருகிற இடத்தில் திணறி, இழுத்து, நின்றுவிட்டது.

பானட்டைத் திறந்தேன். பம்பில் கை வைக்க முடியவில்லை. சுற்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அப்போது மாட்டு மணிச் சத்தம் கேட்டது. ஒளிய ஒரு மரம் இருந்திருந்தால் ஒளிந்திருப்பேன்.

அவர் வண்டியிலிருந்து குதித்து ஓடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “எங்களுக்காகவா ரிப்பேர் பாத்து எடுத்துட்டு வந்தீக?” கண் கலங்கியிருந்தது. என் பட்டு வேட்டி அவர் கண்ணில் படவே இல்லை.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. “பம்பு சூடாயிருச்சு, தண்ணி வேணும்” என்றேன். மனைவிக்குக் குடிக்க வைத்திருந்த செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்தார். என் தோளில் அங்கவஸ்திரம் கிடந்தது. அவர் தன் தலைத்துண்டை அவிழ்த்து நனைத்தார்.

“கெளம்பிருமா அண்ணாச்சி? இல்ல, மாட்டு வண்டியிலயே போயிறட்டுமா?”

காலையில் பொய் சொல்ல ஒரு நொடி ஆகவில்லை. இப்போது நிஜம் எனக்கே தெரியவில்லை. மாட்டு வண்டியில் போனால் ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஒரு மணி நேரம். காத்திருந்து கார் கிளம்பாவிட்டால் அந்த நேரமும் போச்சு. மாட்டு வண்டிக் கூண்டுக்குள்ளிருந்து அந்தப் பெண்ணின் அலறல் வந்துகொண்டே இருந்தது. “பத்து நிமிஷம் பாப்போம்” என்றேன். அந்தப் பத்து நிமிஷத்தில் நான் வேண்டாத சாமி இல்லை.

சாவியைப் போட்டுத் திருப்பினேன். அவர் சுற்றினார். மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

மாட்டு வண்டியில் கூட வந்திருந்த அவருடைய அக்காவும், பட்டாசுக் கம்பெனிக்கு நடந்து போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்களும் அவளைத் தூக்கி வந்தார்கள். பின் சீட்டில் சிவப்புத் துணி போர்த்திய தாம்பாளம் இருந்தது. அவசரமாக எடுத்து முன்னால் வைத்தேன். அந்த வலியிலும் அவள் தாம்பாளத்தைப் பார்த்தாள், என் வேட்டியைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். அவர் முன்னால் ஏறி, தாம்பாளத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அது என்ன என்றுகூடக் கேட்கவில்லை.

பெண் குழந்தை. கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். “இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா பிள்ள தங்கியிருக்காது” என்று டாக்டரம்மா சொன்னதைச் சுவரில் சாய்ந்தபடி கேட்டேன். வண்டி ஒழுங்காக ஓடியிருந்தால் அந்தக் குழந்தை செத்திருக்கும். நான் விருதுநகரில் பந்தியில் உட்கார்ந்திருப்பேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தை மாதமும் கடலை பிடுங்கியதும் முதல் மூட்டை என் வீட்டுக்கு வரும். கூடவே கதையும் வரும். “ரிப்பேர் பாத்து எடுத்துக்கிட்டு எங்க பின்னாலயே வெரட்டி வந்தாகல்ல அண்ணாச்சி” என்று தெருவே கேட்கச் சொல்வார். நான் அடக்கமாகச் சிரிப்பேன். ஊர் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டது. அவர் மனைவி மட்டும் ஒரு தடவைகூட வந்ததில்லை.

குழந்தைக்குப் பத்து வயதானபோது, ஒரு தை மாதம் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அந்தம்மாதான் மூட்டையைச் சுமந்து வந்தார். வீட்டில் யாரும் இல்லை. இப்போது விட்டால் எப்போதுமே முடியாது என்று தோன்றியது.

“ஒரு விஷயம் சொல்லணும்மா. அன்னைக்கு நான் உங்களுக்காக வரல.”

“தெரியும் அண்ணாச்சி” என்றார், சும்மாட்டை உதறிக்கொண்டே. “தாம்பாளத்தத் தூக்கி முன்னால வச்சீகள்ல, அப்பவே தெரியும். காலையில வண்டி ரிப்பேரு. பெறகு சரியாயிருக்கும், கல்யாணத்துக்குக் கெளம்பியிருக்கீக. அதுல என்ன தப்பு இருக்கு? வழியில கண்டதும் ஏத்திக்கிட்டீக, அம்புட்டுப் போதும். அவுககிட்ட மட்டும் சொல்லிறாதீக. உங்க மேல உசுரா இருக்காக.”

காலையில் வண்டிக்கு ஒன்றுமே இல்லை, அம்மா. சாவி என் மடியில் இருந்தது. சொல்வதற்கு அவ்வளவுதான் மிச்சம். வாயைத் திறந்தேன். அந்தம்மா முகத்தில் கோபம் கொஞ்சமாவது இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

“அவருக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“தேவலை அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு, காலிச் சாக்கை வாங்கிக்கொண்டு போனார். அந்த வருஷக் கடலையையும் வறுத்துத் தின்றோம்.