தகரப் பெட்டிக்குள் ரேடியோ

அறுபத்தைந்தில் வடக்கே சண்டை மூண்டபோது என் மகளுக்கு இரண்டு வயது முடிந்து நான்கு மாதம். அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற ஒரே பயத்திலேயே அந்த மாதத்தை ஓட்டினேன். சண்டை எங்கோ வெகுதூரத்தில் நடந்தது, உண்மைதான். ஆனால் எங்கள் குவார்ட்டர்ஸின் பின்கதவைத் திறந்தால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். நெய்வேலியில் குண்டு போடுவதென்றால் எதன்மேல் போடுவான் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஜன்னல்களுக்குக் கறுப்புத்தாள் ஒட்டச் சொன்னார்கள். சைரன் ஊதிப் பழக்கினார்கள். ஊதும்போதெல்லாம் குழந்தையை வாரிக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வேன். பக்கத்து வீட்டு அக்கா, "இன்னா பொண்ணு நீ, எலி மாதிரி பூந்துக்கினு கெடக்கற" என்று சிரிப்பாள். அவளுக்கென்ன, அவள் பிள்ளைகள் தலைக்குமேல் வளர்ந்தவர்கள்.

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. ஆபத்து நெருங்குகிறது என்று ரேடியோவில் சொன்னால் மறுநிமிஷமே குழந்தையோடு பஸ் ஏறி, குள்ளஞ்சாவடிப் பக்கம் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவது. அதற்கு ரேடியோ உயிரோடு இருக்க வேண்டும்.

என் கணவர் அனல்மின் நிலையத்தில் வயர்மேன். கோயம்புத்தூர்க்காரர், அதிகம் பேசாத மனுஷர், கை மட்டும் சும்மா இருக்காது. ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் ரேடியோ முன்னால் போய் நின்றார். வேலை செய்யும் இடத்தில் யாரோ பத்திரிகையில் படித்துச் சொன்னார்களாம்.

"வானத்துல ரொம்ப உயரத்துல அணுகுண்டு வெடிச்சா சத்தமே கேக்காது. ஆனா ஒரு மின்காந்த அலை கிளம்பும். எங்கயோ கடலுக்கு மேல வெடிச்சுப் பாத்திருக்காங்க. அங்கிருந்து ரொம்ப தூரத்துல ஒரு ஊர்ல தெருவிளக்கெல்லாம் அணைஞ்சுபோச்சாம். ரேடியோ எல்லாம் கருகிடும்."

"பாப்பாவுக்கு?"

"பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது. ரேடியோவுக்குத்தான்."

"ரேடியோ போச்சுன்னா எப்ப ஓடறதுன்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்றேன். இதைக் கேட்டது நான்தான். அடுத்து நடந்ததில் என் பங்கு எவ்வளவு என்று யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முதலில் ஞாபகம் வரும்.

மறுநாளே மந்தாரக்குப்பத்து மளிகைக் கடையிலிருந்து காலி மண்ணெண்ணெய் டின்கள் நான்கு வந்தன. வெட்டி, தட்டி நிமிர்த்தி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, ரேடியோவை உள்ளே வைக்கிற அளவுக்கு ஒரு பெட்டி செய்தார். முன்னால் கீல் வைத்த கதவு. சுற்றிலும் தகரம் இருந்தால் அலை உள்ளே புகாதாம். ரேடியோவின் உள்ளே இருக்கும் இரும்புத் தகட்டையும் இந்தப் பெட்டியையும் ஒரு கம்பியால் இணைத்தார். எல்லாம் ஒரே உலோகமாக இருந்தால் நல்லது என்றார். வீடு முழுக்க மண்ணெண்ணெய் வாடை. அந்த வாரம் சோற்றிலும் அதுதான் மணத்தது, பல்லைக் கடித்துக்கொண்டு தின்றோம்.

செய்தி நேரத்தில் மட்டும் கதவைத் திறந்து, ஏரியலை மாட்டி, பிளக்கைச் செருக வேண்டும். முடிந்ததும் இரண்டையும் பிடுங்கிவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும். இதையெல்லாம் அவரே செய்தார். குழந்தைக்கு அந்தப் பெட்டி பிடித்துப்போயிற்று. செய்தி ஓடும்போதே உள்ளங்கையால் தகரத்தை டொம் டொம் என்று தட்டுவாள். அவள் அப்பாவும் கூடச் சேர்ந்து தட்டுவார். எனக்கு அதைப் பார்க்க ஆறுதலாக இருந்தது.

பிறகு அவருக்குக் காலை ஷிப்ட் வந்தது. மதியச் செய்தி என் பொறுப்பாயிற்று. "கதவத் திற, ஏரியல மாட்டு, பிளக்கப் போடு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டைக் கழுவிவிட்டிருந்தேன். சிமெண்டுத் தரையில் ஈரம் காயவில்லை. பிளக்கைச் செருகினேன். சீனாவும் சண்டையில் சேர்ந்துகொள்ளும் என்று பேச்சு அடிபட்ட சமயம், அதனால் என் இரண்டு காதுகளும் செய்தியில்தான் இருந்தன. குழந்தை எப்போதும் போல் வெறுங்காலோடு பெட்டியிடம் போனாள். ஒரு டொம் கேட்டது. இரண்டாவது டொம் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். கை தகரத்தில் ஒட்டியிருந்தது. வாய் திறந்திருந்தது, அழுகை வரவில்லை. ஓடிப்போய் இடுப்பைப் பிடித்தேன். தோள்வரைக்கும் என்னை எதுவோ முறுக்கித் தூக்கியெறிந்தது. சுவரில் போய் விழுந்தேன். எனக்குப் புத்தி வந்ததா, கை தானாகச் செய்ததா, இன்றைக்கும் தெரியாது. வயரைப் பிடித்து இழுத்தேன். பிளக் கழன்று வந்தது, செய்தி பாதியில் நின்றது, குழந்தை தொப்பென்று தரையில் விழுந்தாள்.

அவள் அழுவதற்குள் நான் செத்துவிட்டேன். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா வந்து, "அய்யோ, கொயந்த நீலம் பூத்துக்கினு கீதே" என்று அவளைப் பிடுங்கி, முதுகில் அடித்து, உள்ளங்காலைப் பரபரவென்று தேய்த்தாள். பிறகுதான் குழந்தை அழுதாள். அப்படி ஒரு இனிமையான அழுகையை நான் கேட்டதேயில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மூன்று விரல்களில் தோல் வெந்திருக்கிறது, இதயத் துடிப்பு சரியாக இருக்கிறது, உங்களுக்கு நல்ல நேரம் என்றார் டாக்டர்.

என் கணவர் ஷிப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தார். குழந்தை என் மடியில், கைக்குக் கட்டுப் போட்டபடி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்துக்கொண்டே போயிற்று. தரையில் கிடந்த பிளக்கை எடுத்தார். அதன் இரண்டு கால்களில் ஒன்று முன்பிருந்தே கொஞ்சம் கருகியிருக்கும்.

"கருகின கால் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டும் ஒரே மாதிரிதானே உள்ளே போகுது."

"அது இடது பக்கம் போகணும்" என்றார். "திருப்பிப் போட்டா உள்தகட்டுக்குக் கரண்ட் வந்து, அந்தக் கம்பி வழியா பெட்டிக்கும் வந்துடும்."

சற்று நேரம் எனக்கு அது விளங்கவேயில்லை. "உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"முதல் நாளே டெஸ்டர வெச்சுப் பாத்தேன். பெட்டியில வெச்சதும் டெஸ்டர் லைட் எரிஞ்சுது. பிளக்கத் திருப்பிப் போட்டேன், நின்னுபோச்சு. அதுக்கப்புறம் நான் மாத்திப் போட்டதே இல்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "சொன்னா நீ பயப்படுவேன்னு."

அந்த மாதம் முழுக்கப் பயந்தேன். வானத்தைப் பார்த்தும் சைரனைக் கேட்டும் புகைபோக்கியைப் பார்த்தும் பயந்தேன். பயப்பட வேண்டிய ஒன்றை மட்டும் என்னிடம் மறைத்துவிட்டார், அதுவும் அன்பினால்.

என் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தார். அழுகிறார் என்று தெரிந்தது. பேச்சுச் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டு, "அப்பா" என்று கட்டுப் போட்ட கையை அவர் பக்கம் நீட்டினாள்.

"எங்கிட்ட குடு" என்றார்.

நான் கொடுக்கவில்லை.