எட்டாத தண்ணீர்

கூட்டத்தை விரட்டும் போலீஸ் தண்ணீர் வண்டியில் பம்ப் ஓட்டுபவனுக்கு ஜவ்வு என்று பட்டப்பெயர். தொட்டியில் ஒரு வெள்ளைத் தூளைத் தூவிக் கரைப்பது அவன் வேலை. கரைந்ததும் தண்ணீர் முட்டை வெள்ளைக்கரு போல வழுக்கும். குழாயில் உரசாமல் ஓடும். பம்ப் அதேதான், ஆனால் பாய்ச்சல் வெகுதூரம் போகும். போன வாரம் அப்படிப் பாய்ந்ததில் ஆலைத் தொழிலாளி ஒருவனின் கண் பிதுங்கிக் கன்னத்தில் தொங்கியது. அன்றிலிருந்து ஜவ்வுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்றும் அதே ஆலை வாசல், அதே போராட்டம். முன்வரிசையில் கை கோத்து நின்றவர்களில் அவன் தங்கையும் இருந்தாள். காலையில் வீட்டில் அவளிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டான்.

"போகாதடி."

"நீ மட்டும் போகலாமா? நீ லீவு போடுண்ணே, நானும் போடறேன்."

இப்போது வண்டி டிரைவர் சீண்டினான். "என்னடா ஜவ்வு, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி வேர்க்குது?"

கரைத்த தண்ணீரைப் பம்ப் வழியாகத் திரும்பச் சுற்றவிடக்கூடாது. விட்டால், தூள் தண்ணீரில் விரித்த நீளமான இழைகள் பம்பின் இறக்கைகளில் அடிபட்டு அறுந்துபோகும். தூளின் பலன் போய், பாய்ச்சல் தூரம் குறைந்துவிடும். ஜவ்வு, யாரும் பார்க்காதபோது தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பும் வால்வைத் திறந்தான். தொட்டித் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி அடிக்கவிட்டான்.

"அடி!" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

தண்ணீர் கூட்டத்துக்கு முன்னாலேயே விழுந்தது.

"வாசல் தெளிக்கிறாங்கடோய்!" கூட்டம் சிரித்தது. சிரித்தபடி முன்னேறியது. ஒரு கல் பறந்து வந்து டிரைவரின் பல்லைப் பெயர்த்தது.

இன்ஸ்பெக்டர் திரும்பி ஜவ்வின் செவிட்டில் ஓங்கி அறைந்தார். "உன் தண்ணிய நம்பினேன் பாரு! தடியோட இறங்குங்கடா எல்லாரும்!"

இறங்கினார்கள். மண்டைகள் உடைகிற சத்தம் தேங்காய் உடைகிற மாதிரியே இருந்தது. ஜவ்வு வண்டியிலிருந்து குதித்து ஓடினான். தங்கை தரையில் கிடந்தாள். மணிக்கட்டு எலும்பு தோலைக் கிழித்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் மேல் இறங்க வந்த தடியைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டு அவளைப் போர்த்திக் குனிந்தான்.

"தண்ணி ஏண்ணே வரல?" அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். "வந்திருந்தா நாங்க ஓடியிருப்போமே. ஓடறதாத்தான் பேசி வச்சிருந்தோம்."

அடுத்த அடி அவன் விலாவில் விழுந்தது. அவள் முகத்து ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டான். இரண்டு கண்ணும் இருந்தன. அதற்கு மேல் அவனால் எதையும் பார்க்க முடியவில்லை.